மேற்குச் சன்னலுக்கு டபுள் கிளேஸ்: எந்தக் கண்ணாடி, எந்த எண்ணைப் பார்ப்பது?

#1 மேற்குச்சன்னல்

சென்னை, மூன்றாவது மாடி. நேர் மேற்கு பார்த்த படுக்கையறை, 12 × 14 அடி. சன்னல் திறப்பு 8 அடி அகலம், 5 அடி உயரம். மேலே 2 அடி சன்ஷேடு. எதிரே மரமோ கட்டடமோ இல்லை. பிற்பகல் 2 மணிக்கு ஏ.சி. போட்டால் இரவு முழுக்க ஓடும். இப்போது இருப்பது ஒற்றைக் கிளியர் கண்ணாடி. மாற்றுவதற்கு மூன்று விலைப்புள்ளிகள் உள்ளன:

அ) 6 மி.மீ. கிளியர் + 12 மி.மீ. காற்று + 6 மி.மீ. கிளியர், அலுமினியம் ஸ்லைடிங்.

ஆ) 6 மி.மீ. கருஞ்சாம்பல் ரிஃப்ளெக்டிவ், ஒற்றைக் கண்ணாடி, யு.பி.வி.சி. ஸ்லைடிங்.

இ) 6 மி.மீ. டபுள் சில்வர் லோ-இ (வெப்பத்தைத் திருப்பும் மெல்லிய வெள்ளிப் பூச்சு உள்ள கண்ணாடி) + 12 மி.மீ. ஆர்கான் வாயு + 6 மி.மீ. கிளியர், யு.பி.வி.சி. கேஸ்மென்ட் (கதவு போல் திறப்பது). தாளில் "யு 0.28, எஸ்.சி. 0.31" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எதை எடுப்பது? அந்த இரண்டு எண்களுக்கும் என்ன பொருள்?

#2 வெப்பக்கணக்கு

அ-வை முதலில் ஒதுக்கிவிடுங்கள். சென்னை மேற்குச் சன்னலுக்குக் கிளியர்-கிளியர் டபுள் கிளேஸ் போடுவது, கூரை ஒழுகும்போது சுவருக்குப் பூச்சு பூசுவது மாதிரி.

கண்ணாடி வழியே வெப்பம் இரண்டு விதமாக வரும். வெளியே 35 டிகிரி, உள்ளே 24 என்றால் அந்த 11 டிகிரி வித்தியாசத்தால் கடத்தப்பட்டு வருவது ஒன்று. அதற்கான எண் யு-மதிப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வருகிறது என்று சொல்வது. வெயில் நேரே விழுந்து உள்ளே புகுவது இன்னொன்று. அதற்கு எஸ்.எச்.ஜி.சி. என்று பெயர், விழும் சூரிய வெப்பத்தில் எத்தனை பங்கு அறைக்குள் போகிறது என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் சொல்லும் எண்.

6 மி.மீ. ஒற்றைக் கிளியருக்கு யு சுமார் 5.7, எஸ்.எச்.ஜி.சி. 0.82. கிளியர்-கிளியர் 6-12-6 போட்டால் யு 2.8-க்கு, அதாவது பாதிக்கு இறங்கிவிடும். விற்பவர் காட்டுவது இந்த எண்ணைத்தான். ஆனால் எஸ்.எச்.ஜி.சி. 0.70-லேயே நிற்கும். மாலை வெயில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கிளியரில் வெயிலால் வருவது 490 வாட், கடத்தலால் 63. கிளியர் டபுளில் வெயிலால் 420, கடத்தலால் 31. காசு கொடுத்துக் குறைத்தது எது, குறையாமல் நின்றது எது என்று பாருங்கள்.

உங்கள் திறப்பு 3.7 சதுர மீட்டர். சட்டம் போகக் கண்ணாடி சுமார் 3. இப்போது உச்ச நேரத்தில் உள்ளே வருவது ஏறக்குறைய 1.7 கிலோவாட். ஒரு டன் ஏ.சி. என்பது 3.5 கிலோவாட், ஆகவே அரை டன் அந்தச் சன்னலுக்கே போகிறது. அ-வில் 1.35 கிலோவாட். இ-யில் 0.55.

தாளிலுள்ள எண்களுக்கு வருவோம். "யு 0.28" என்பது அமெரிக்க அலகு. 5.678-ஆல் பெருக்குங்கள், 1.6 வாட் வரும். "எஸ்.சி." என்பது பழைய நிழற்கெழு, 3 மி.மீ. கிளியர் கண்ணாடியை 1 என்று வைத்து ஒப்பிடுவது. அதை 0.87-ஆல் பெருக்கினால் எஸ்.எச்.ஜி.சி.; 0.31 × 0.87 = 0.27. ஒருவர் எஸ்.சி. தருகிறார், இன்னொருவர் எஸ்.எச்.ஜி.சி. தருகிறார் என்றால் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இந்த 0.27 தற்செயலாக வந்த எண் இல்லை. வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கன விதியான ஈ.சி.பி.சி. 2017-இல் வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிக்கு எஸ்.எச்.ஜி.சி. மேல்வரம்பு 0.27, முழுச் சன்னலின் யு மேல்வரம்பு 3.0. வடக்குச் சன்னலுக்கு 0.50 வரை சலுகை உண்டு. ஆனால் அது 15 பாகை அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களுக்கு மட்டும். தமிழ்நாடு முழுவதும் அதற்குத் தெற்கே இருப்பதால் இங்கே வடக்கு முகத்துக்கும் 0.27-தான். காரணம் எளிது: சென்னை 13 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது.

ஆ-வில் எஸ்.எச்.ஜி.சி. சுமாராகக் குறையும். ஆனால் வெளிச்சமும் கூடவே போய்விடும். பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். வீடுகளுக்கான ஆற்றல் சிக்கன விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, சன்னல் பரப்பு சுவரில் 30 சதவீதத்துக்குள் இருக்கும்போது கண்ணாடி 27 சதவீத வெளிச்சமாவது விட வேண்டும் என்கிறது. கருஞ்சாம்பல் ரிஃப்ளெக்டிவ் பல அதற்குக் கீழே. மேலும் கருங்கண்ணாடி வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதைவிட விழுங்குவதே அதிகம். நாலு மணிக்கு அது கை வைக்க முடியாதபடி சுட்டு, தானே ஒரு அடுப்பாக உள்ளே வீசும்.

#3 மேற்குச்சன்னல்

தெளிவாகிவிட்டது, நன்றி. இரண்டு அடி சன்ஷேடு இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா?

#4 வெப்பக்கணக்கு

மேற்கில் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. ஏப்ரலில் சென்னையில் 4 மணிக்குச் சூரியன் சுமார் 33 பாகை உயரத்தில், ஏறக்குறைய நேர் மேற்கில் நிற்கும். 60 செ.மீ. சன்ஷேடு சன்னலின் மேல் 39 செ.மீ.க்கு நிழல் தரும். 5 மணிக்கு உயரம் 19 பாகை, நிழல் 20 செ.மீ. உங்கள் சன்னல் 150 செ.மீ. உயரம்.

அதே சன்ஷேடு தெற்குச் சன்னலுக்கு அருமையாக வேலை செய்யும். டிசம்பர் நண்பகலில் சூரியன் 53 பாகையில் நிற்பதால் நிழல் 80 செ.மீ. வரை இறங்கும். கட்டும்போது நாலு பக்கமும் ஒரே அளவு சன்ஷேடு போடுகிறோம், மேற்குக்கும் கிழக்குக்கும் அது உதவுவதில்லை. அங்கே வேண்டியது செங்குத்துத் தடுப்பு, லூவர், அல்லது இறக்கி ஏற்றும் தட்டி.

#5 கண்ணாடிப்பட்டறை

கணக்கு சரி. இனி அந்த 0.27 வருடக்கணக்கில் 0.27-ஆகவே இருக்குமா என்பது செய்யும் இடத்தைப் பொறுத்தது. டி.ஜி.யு. (ஓரம் மூடிய இரட்டைக் கண்ணாடிப் பலகை) செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கண்ணாடியின் முகங்களை வெளியிலிருந்து எண்ண வேண்டும். தெருவைப் பார்ப்பது 1, அதன் உள்முகம் 2, இடைவெளிக்கு அப்பால் 3, அறையைப் பார்ப்பது 4. நம் ஊருக்கு லோ-இ பூச்சு 2-இல் இருக்க வேண்டும். வெயில் முதல் கண்ணாடியைத் தாண்டும் முன்பே திரும்பிவிடும். அந்தக் கண்ணாடி சூடானாலும் பூச்சு அந்தச் சூட்டை உள்ளே வீச விடாது. பலகையைத் திருப்பி மாட்டினால் பூச்சு 3-க்குப் போய்விடும், எஸ்.எச்.ஜி.சி. கூடிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பதால் தளத்தில் இந்தத் தவறு எளிதாக நடக்கிறது.

டபுள் சில்வர் என்பது சாஃப்ட் கோட். வெற்றிட அறையில் படியவைத்த வெள்ளிப் படலம். சாதாரணக் கண்ணாடியின் எமிசிவிட்டி (வெப்பத்தைக் கதிராக வீசும் அளவு) 0.84, இதற்கு 0.02 முதல் 0.05. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. வெள்ளி அதைத் திருப்பி அனுப்பிவிட்டு வெளிச்சத்தை விடுகிறது. அதனால்தான் 0.27-இலும் அறை இருட்டாவதில்லை. ஆனால் வெள்ளி காற்றுப்பட்டால் கறுக்கும். கட்டுப் பிரித்தால் நாட்கணக்கில் வெட்டி, கழுவி, மூடிவிட வேண்டும். கடலோர ஈரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒற்றைக் கண்ணாடியாக இதைப் போடவே கூடாது. ஒற்றையாகத்தான் வேண்டும் என்றால் ஹார்டு கோட் இருக்கிறது, கண்ணாடி உருகி வரும்போதே சுட்டு ஒட்டவைத்தது, எமிசிவிட்டி 0.15 அளவு.

மிக முக்கியம் ஓரம். சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. அகலத்துக்குப் பூச்சைச் சக்கரம் வைத்துச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இதற்கு எட்ஜ் டெலிஷன் என்று பெயர். எடுக்காமல் ஒட்டினால் பசை கண்ணாடியில் ஒட்டாமல் பூச்சில் ஒட்டும். ஓரத்து ஈரம் வெள்ளியை அரித்துக்கொண்டே உள்ளே நகரும். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் ஓரத்தில் பழுப்புக் கறை ஊர்ந்து வருவதைக் காணலாம். அதற்கு மருந்தில்லை, பலகையை மாற்ற வேண்டியதுதான்.

மூடுவது இரண்டு அடுக்காக. இரு கண்ணாடியையும் பிரித்து நிறுத்தும் ஓரப்பட்டையான ஸ்பேசரின் இரு பக்கமும் கறுப்பு பியூட்டைல் பசை, அதுதான் ஈரத்துக்கு அணை. அழுத்திய பிறகு 3 முதல் 4 மி.மீ. அகலத்துக்கு எங்கும் அறாத பட்டையாகத் தெரிய வேண்டும், குறிப்பாக நாலு மூலையிலும். அதற்கு வெளியே பாலிசல்ஃபைடு அல்லது சிலிக்கான், பலம் தருவதற்கு. சட்டத்துக்குள் உட்காரும் உங்கள் சன்னலுக்குப் பாலிசல்ஃபைடு நல்லது. சிலிக்கான் வெயிலைத் தாங்கும், ஆனால் ஈரத்தையும் ஆர்கானையும் தாராளமாக விடும். ஓரம் வெளியே தெரியும் ஸ்ட்ரக்சுரல் கிளேஸிங்கில்தான் அது கட்டாயம். சிலிக்கான் போட்டுவிட்டு பியூட்டைலில் இடைவெளி விட்டால் அந்தப் பலகை பிழைக்காது.

ஈரத்தை உறிஞ்ச ஸ்பேசருக்குள் போடும் மணிகள் 3ஏ மாலிக்யுலர் சீவ் என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் வேறு மணிகள் நீராவியோடு நைட்ரஜனையும் உறிஞ்சும். வெயிலில் அதைக் கக்கும், குளிரில் மறுபடி உறிஞ்சும். பலகை உப்புவதும் ஒடுங்குவதுமாக ஓரத்தைப் பிய்த்துவிடும்.

#6 தட்டிபோதும்

எல்லாம் சரி. வெளியே ஒரு மூங்கில் தட்டி இறக்கினால் வெயில் கண்ணாடியைத் தொடுவதே இல்லையே. இத்தனை செலவு எதற்கு?

#7 வெப்பக்கணக்கு

நியாயமான கேள்வி, எண்ணோடு பதில் சொல்ல வேண்டியது.

மேற்குச் சன்னலில் ஒரு தெளிந்த நாள் பிற்பகல் முழுக்கச் சதுர மீட்டருக்கு 2.25 கிலோவாட்-மணி வெயில் விழுவதாக எடுத்துக்கொள்கிறேன். எஸ்.எச்.ஜி.சி. 0.82-இலிருந்து 0.27 ஆனால் 3 சதுர மீட்டருக்கு 3.7 கிலோவாட்-மணி வெப்பம் தடுக்கப்படும். ஏ.சி. ஒரு யூனிட் மின்சாரத்தில் 3.3 யூனிட் வெப்பம் வெளியேற்றினால் மிச்சம் 1.1 யூனிட். கடத்தலில், யு 5.7-இலிருந்து 1.6 ஆனால், பகல் 8 மணி நேரம் 11 டிகிரி, இரவு 8 மணி நேரம் 5 டிகிரி என்று வைத்து 0.5 யூனிட். மொத்தம் நாளுக்கு 1.6. வெயில் நாள் 200 என்றால் வருடத்துக்கு 320 யூனிட். அது உங்கள் பில்லின் மேல்படியில் கழியும், ஆகவே உங்களுக்கு வரும் உச்ச விலையால் பெருக்கிப் பாருங்கள்.

வெளியே நெருக்கமான தட்டி இறக்கினால் பழைய ஒற்றைக் கண்ணாடியின் எஸ்.எச்.ஜி.சி.யே 0.2 அளவுக்கு வந்துவிடும். அந்த 1.1 யூனிட் தட்டியிலேயே கிடைத்துவிட்டது. பிறகு டி.ஜி.யு. தருவது மீதமுள்ள அரை யூனிட் மட்டும். மின்சாரத்துக்காக மட்டும் என்றால், தட்டி போட முடிந்தவர் தட்டியே போடட்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் தட்டி வெளியே இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே கண்ணாடி தாண்டி வந்துவிட்டது. வெள்ளைத் திரைகூடப் பாதியைத்தான் திருப்பும். மூன்றாவது மாடியில் காற்றுக்கு ஆடாமல் கீழே இரு பக்கமும் கொக்கி போட்டுக் கட்டவேண்டும். அடுக்ககச் சங்கம் முகப்பில் எதுவும் தொங்கவிடக் கூடாது என்றால் இ-தான் வழி. வெளியே பார்த்துக்கொண்டே வெயிலைத் தடுக்க வேண்டும் என்பவர்களுக்கும் அதுவே.

#8 மேற்குச்சன்னல்

முகப்பில் தொங்கவிட அனுமதி இல்லை. ஆகவே இ. ஆர்கான் அவசியமா?

#9 கண்ணாடிப்பட்டறை

லோ-இ இல்லாத பலகையில் ஆர்கான் வீண், 2.8 என்பது 2.6, 2.7 ஆகும், அவ்வளவே. ஏனென்றால் அங்கே வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாகத் தாண்டுகிறது, வாயுவை மாற்றி என்ன பயன்? லோ-இ இருந்தால் கதிர்வீச்சு அடங்கி வாயுவே வழியாக மிஞ்சும். அப்போது 12 மி.மீ. இடைவெளியில் காற்றோடு 1.6 என்பது ஆர்கானோடு 1.3 அளவுக்கு இறங்கும்; உங்கள் தாளில் உள்ள 1.6 காற்றுக்கு உரிய எண்ணாகவே தெரிகிறது. இருந்தாலும் 11 டிகிரி வித்தியாசத்தில் அந்த 0.3 உங்களுக்கு 10 வாட்தான். கூடுதல் விலை சொற்பம் என்றால் எடுங்கள், அதிகம் என்றால் காற்றே போதும். அந்தப் பணத்தை நல்ல சட்டத்துக்குப் போடுங்கள். ஆர்கான் எடுத்தால் 90 சதவீதம் நிரப்பியதற்கு அளந்த எண் கேளுங்கள்.

இடைவெளியை 6 மி.மீ. ஆக்கித் தர யாராவது முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காற்றுக்கு 12 முதல் 16 வரை நல்லது. அதற்கு மேல் போனால் இடைவெளிக்குள் காற்று சுழலத் தொடங்கி லாபம் நின்றுவிடும்.

#10 ஸ்காபரோக்குளிர்

இஞ்ச ரொறன்ரோவில கணக்கு முழுக்கத் தலைகீழ். ஊரில இருக்கிற ஆக்கள் கனடா வீடியோக்களைப் பாத்திட்டு அப்படியே கேக்கினம், அதால எழுதுறன்.

வெளியில -20, உள்ள 21 எண்டால் வித்தியாசம் 41 டிகிரி. இங்க யு-மதிப்புத்தான் ராசா. கிளியர் டபுள் யன்னலில உள்முகம் 6, 7 டிகிரிக்கு இறங்கும். 21 டிகிரி அறையில ஈரப்பதம் 40 சதவீதம் எண்டால் பனிநிலையும் (காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாப் படியிற வெப்பநிலை) அதே 7 டிகிரிதான், ஆகவே யன்னல் அழத் தொடங்கும். லோ-இ போட்டு 1.6 ஆக்கினால் உள்முகம் 13 டிகிரிக்குக் கிட்ட நிக்கும். அப்பவும் கீழ் ஓரத்தில தண்ணி கட்டினால் அலுமினிய ஸ்பேசர்தான் காரணம். அதுக்குத்தான் சூட்டைக் குறைவாக் கடத்துற வார்ம் எட்ஜ் ஸ்பேசர் பாவிக்கிறது.

கனடா எனர்ஜி ஸ்டார் 2020 இலிருந்து முழு யன்னலுக்கு யு 1.22 அல்லது அதுக்குக் குறைய, இல்லாட்டி ஈ.ஆர். எண் (யன்னலின்ர மொத்த ஆற்றல் மதிப்பெண்) 34 அல்லது அதுக்குக் கூட எண்டு கேக்குது. ஈ.ஆரில வெயில் வெப்பம் கூட வந்தால் புள்ளி கூடும். தெற்கு யன்னலுக்கு இங்க 0.27 போட்டால் மாரியில சும்மா கிடைக்கிற வெப்பத்தையும் வெளியில தள்ளிவிடுவியள். பூச்சு 3 ஆம் முகத்தில, எஸ்.எச்.ஜி.சி. 0.5க்கு மேல. சென்னையில அதே யன்னல் பிழை.

#11 வெப்பக்கணக்கு

ஸ்காபரோ நண்பர் "முழு யன்னலுக்கு" என்று சொன்னதைக் கவனியுங்கள். நம் ஊர் விலைப்புள்ளியில் வருவது பெரும்பாலும் கண்ணாடி நடுவின் எண் மட்டும். 80 பங்கு கண்ணாடி 1.6, 20 பங்கு வெறும் அலுமினியச் சட்டம் 6.0 என்றால் முழுச் சன்னல் சுமார் 2.5 ஆகிவிடும். யு.பி.வி.சி. 2.0 என்றால் 1.7. அலுமினியமே வேண்டுமென்றால் நடுவில் வெப்பத்தை எளிதில் கடத்தாத பாலிஅமைடு பட்டை வைத்த தெர்மல் பிரேக் வகை கேளுங்கள்.

#12 உதகைக்கட்டுமானம்

மலையில் கட்டுபவர்கள் கவனத்துக்கு ஒன்று. உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சமவெளியில் மூடிய பலகையை மேலே ஏற்றினால் உள்ளிருக்கும் காற்று இரு கண்ணாடியையும் வெளியே தள்ளும். நடுவில் உப்பும், பிம்பம் வளையும், குறுகிய பலகை என்றால் உப்ப இடமின்றி ஓரம் பிய்யும் அல்லது கண்ணாடி வெடிக்கும். ஆர்டர் கொடுக்கும்போதே பொருத்தும் இடத்தின் உயரத்தை எழுதிக் கொடுத்து, ஸ்பேசரில் நுண்குழாய் வைத்துக் கேளுங்கள். அந்தக் குழாய் வழியே அழுத்தம் சமமாகும். ஆனால் ஆர்கான் நிற்காது, கேட்டுப் பயனில்லை. அங்கே கிளியர் வெளியே, ஹார்டு கோட் 3-இல், வெயில் வரட்டும் என்று போடுவதே சரி. ஸ்காபரோ கணக்குதான் உதகைக்கும், சற்று மிதமாக.

#13 மேற்குச்சன்னல்

ஸ்லைடிங் வேண்டாமா? கேஸ்மென்ட் என்றால் கொசுவலை உள்ளே போட வேண்டும், அதுதான் யோசனை.

#14 சன்னல்ஃபிட்டர்

ஏ.சி. அறைக்குக் கேஸ்மென்ட்தான். ஸ்லைடிங்கில் இரண்டு கதவும் நகர வேண்டுமென்றால் நடுவில் ரோமப் பிரஷ் தவிர வேறு அடைப்புக் கிடையாது. கடற்காற்று அதன் வழியே ஈரத்தைக் கொண்டுவரும், அந்த ஈரத்தை நீராக்குவதிலேயே ஏ.சி. உழைப்பில் ஒரு பங்கு போகும். கேஸ்மென்டில் ஈ.பி.டி.எம். ரப்பர் கேஸ்கெட் சுற்றிலும் அமுங்கி மூடும். வலையைச் சுருட்டும் வகையில் உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

எடையைப் பாருங்கள். கண்ணாடி 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 6 + 6 என்றால் 30 கிலோ. உங்கள் 3 சதுர மீட்டர் 90 கிலோ. 8 அடியை இரண்டு கதவாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சட்டத்தோடு 50 கிலோ தாண்டும். மூன்றாகப் பிரித்து நடுவை நிலையாகவும் பக்கம் இரண்டைத் திறப்பாகவும் வையுங்கள். கீலின் தாங்கு எடை கதவின் எடையைவிடக் கூடுதலாக இருக்கட்டும். யு.பி.வி.சி. உள்ளே இரும்புக் கம்பிச்சட்டம் போட்டிருக்கிறார்களா என்று காந்தம் வைத்துப் பாருங்கள்.

டி.ஜி.யு. சாவது பெரும்பாலும் கீழ்ச்சட்டத்தில் தேங்கும் தண்ணீரால். கண்ணாடி சட்டத்தின் மேல் நேராக உட்காரக் கூடாது. இரு மூலையிலிருந்தும் அகலத்தின் கால் பங்குத் தூரத்தில் ஒவ்வொரு கட்டை, கடினமான ரப்பர், சுமார் 100 மி.மீ. நீளம். கட்டையின் அகலம் 24 மி.மீ. பலகை முழுவதையும் தாங்க வேண்டும். வெளிக்கண்ணாடி மட்டும் கட்டையில் நின்று உள்கண்ணாடி தொங்கினால் அதன் எடை முழுக்கப் பசையில் இழுக்கும், சில வருடத்தில் பியூட்டைல் நழுவி இடைவெளிக்குள் கறுப்பாக வழியும். கட்டை வடிகால் துளையை அடைக்கக் கூடாது. பொருத்தி முடித்ததும் கீழ்ச்சட்டத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அது வெளியே வர வேண்டும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பூசும் சிலிக்கான் வினிகர் வாடை அடித்தால் அதை டி.ஜி.யு. பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த அமிலம் பியூட்டைலையும் லேமினேட் படலத்தையும் கெடுக்கும். நியூட்ரல் க்யூர் என்று டப்பாவில் எழுதியிருக்க வேண்டும்.

#15 தட்டிபோதும்

பழைய தேக்குச் சன்னல் உள்ளவர்கள் என்ன செய்வது? அதன் காடியில் 24 மி.மீ. பலகை நுழையாது.

#16 கண்ணாடிப்பட்டறை

நுழையாது, செதுக்கி நுழைக்கவும் வேண்டாம், சட்டம் பலமிழக்கும். ஹார்டு கோட் சோலார் கண்ட்ரோல் ஒற்றைக் கண்ணாடி, அல்லது இரண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவே சோலார் கண்ட்ரோல் பூச்சு உள்ள லேமினேட்டட். ஒன்றை நினைவில் வையுங்கள்: லேமினேட்டுக்குள் பூச்சு நடுவிலுள்ள பி.வி.பி. பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டிவிடுவதால் லோ-இ வேலை நடக்காது. பூச்சுக்கு முன்னால் காற்றோ வாயுவோ இருந்தால்தான் எமிசிவிட்டிக்கு அர்த்தம். வெயிலைத் தடுக்கும், யு 5.6-இலேயே இருக்கும். "லேமினேட்டட் லோ-இ, யு 1.8" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேற்கு வெயில்தான் பிரச்சினை என்றால் இதுவே போதுமான தீர்வு.

#17 மேற்குச்சன்னல்

வெளிக்கண்ணாடி டஃபன்டா, சாதாரணமா? பிறகு சன் ஃபிலிம் ஒட்டலாமா?

#18 கண்ணாடிப்பட்டறை

ஃபிலிம் ஒட்டாதீர்கள். ஃபிலிம் வெப்பத்தை விழுங்கி உள்கண்ணாடியைச் சூடாக்கும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். நடு விரிய முயலும், ஓரம் விடாது. ஓரத்திலிருந்து செங்குத்தாக ஒரு கீறல் கிளம்பி வளைந்து ஓடும். அப்படி ஓரத்துக்கு 90 பாகையில் தொடங்கும் விரிசலைப் பார்த்தால் யாரும் கல்லெறியவில்லை, வெப்பம்தான். பூச்சு உள்ள வெளிக்கண்ணாடிக்கும் அதே ஆபத்து உண்டு. உங்கள் சன்ஷேடு நிழல் பாதி, வெயில் பாதி என்று விழும் சன்னல் அது. ஆகவே வெளிக்கண்ணாடி சாதாரணமாக இருக்கக் கூடாது.

ஹீட் ஸ்ட்ரெங்தன்டு (சூடேற்றி, டஃபன்டைவிட மெதுவாகக் குளிரவைத்து வலுவாக்கியது) போதும். டஃபன்டு எடுத்தால் ஐ.எஸ். 2553 முத்திரை மூலையில் இருக்கிறதா பாருங்கள், ஹீட் ஸோக் செய்ததா என்றும் கேளுங்கள். கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் இருந்தால் வருடம் கழித்துக்கூட டஃபன்டு தானாக உதிரும். அடுப்பில் சூடேற்றி இரண்டு மணி நேரம் வைத்து, உதிர வேண்டியதை ஆலையிலேயே உதிரவிடுவதுதான் ஸோக். மூன்றாவது மாடியிலிருந்து கீழே நடப்பவர் மேல் விழும் கண்ணாடி, இதில் சிக்கனம் வேண்டாம். டஃபன் செய்த பின் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது. சட்டம் கைக்கு வந்த பிறகு அளவெடுத்து, சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு ஆர்டர் கொடுங்கள்.

சாலைச் சத்தமும் தொல்லை என்றால் 6-12-6-ஐ 8-12-6 ஆக்குங்கள். இரு கண்ணாடியும் ஒரே கனம் என்றால் ஒரே சுருதியில் அதிர்ந்து சத்தத்தைக் கடத்தும். 6-12-6 ஒலித் தடுப்பில் ஒற்றை 6 மி.மீ.யைவிடப் பெரிதாக மேல் இல்லை. கீலின் எடைக் கணக்கை மட்டும் திரும்பப் போடுங்கள்.

#19 மேற்குச்சன்னல்

இப்படி எழுதிக் கொடுக்கலாமா: "வெளியே 6 மி.மீ. ஹீட் ஸ்ட்ரெங்தன்டு, டபுள் சில்வர் லோ-இ 2-ஆம் முகத்தில், எட்ஜ் டெலிஷன் செய்தது, 12 மி.மீ. காற்று, உள்ளே 6 மி.மீ. கிளியர் டஃபன்டு, பியூட்டைல், பாலிசல்ஃபைடு, 3ஏ சீவ், எஸ்.எச்.ஜி.சி. 0.27-க்குள், யு 1.8 வாட்டுக்குள், வெளிச்சம் 40 சதவீதத்துக்கு மேல்"?

#20 வெப்பக்கணக்கு

சரியாக இருக்கிறது. ஒரு வரி சேருங்கள்: "எண்கள் பொருத்தப்படும் இதே அடுக்குக்கு உரியவை, கண்ணாடி உற்பத்தியாளரின் கணக்குத் தாளோடு." பூச்சின் வணிகப் பெயரும் குறியீடும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். ஒரே பெயரில் 0.24-உம் உண்டு, 0.40-உம் உண்டு.

#21 மேற்குச்சன்னல்

பலகை வந்திறங்கியதும் அதே பூச்சுதானா, சரியான முகத்தில்தானா என்று எப்படிப் பார்ப்பது?

#22 கண்ணாடிப்பட்டறை

பொருத்தும் முன் இருட்டான இடத்தில் பலகையை நிறுத்தி, அறைப்பக்கம் என்று குறித்த பக்கத்திலிருந்து ஒரு லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். நாலு சுடர்கள் தெரியும். உங்களுக்கு அருகில் இருப்பது 4-ஆம் முகம், கடைசியில் இருப்பது 1. அதில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட நிறம் மாறித் தெரிய வேண்டும், இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ. கடைசிக்கு முந்தையது நிறம் மாறியிருந்தால் 2-ஆம் முகம், சரி. உங்களுக்கு அருகிலிருந்து இரண்டாவது மாறியிருந்தால் பலகை திரும்பியிருக்கிறது. வெளிப்பக்கக் குறி தவறாக ஒட்டப்பட்டிருக்கலாம். நாலும் ஒரே நிறம் என்றால் இறக்கவே விடாதீர்கள். எத்தனை பலகை வந்தாலும் ஒவ்வொன்றையும் பாருங்கள். கூடவே பியூட்டைல் பட்டையை நாலு மூலையிலும் டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்பேசரில் அச்சிட்ட தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ளே பனி படிந்தால் உத்தரவாதம் கேட்க அந்தத் தேதி வேண்டும்.